உகாண்டாவோடு மரவள்ளிக் கூட்டு ஆய்வு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவர நோயியல் பாடம் எடுக்கிறேன். எங்கள் ஆய்வு மரவள்ளித் தேமல் நோய் பற்றியது. இலை மஞ்சள் திட்டோடு சுருண்டு போகும், கிழங்கு பெருக்காது. வெள்ளை ஈ பரப்பும். நோயுள்ள செடியில் வெட்டிய குச்சியை நட்டாலும் வரும். 1990-களில் உகாண்டாவில் இதே நோயால் மரவள்ளி சாகுபடியே படுத்துவிட்டது. எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களைப் பரப்பித்தான் மீண்டார்கள். அந்த வயல் அனுபவம் லண்டனில் கிடைக்காது. உகாண்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத் துறை சேர்ந்து செய்யச் சம்மதித்துவிட்டது.

சிக்கல் காகித வேலையில்தான். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி மாதிரிகளை வெளிநாட்டுக்குக் கொடுக்க தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டுத் திட்டங்களுக்கு 5-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது, ஆனால் எங்கள் அலுவலகத்தில் யாரும் இந்தப் பக்கம் போனதில்லை.

அந்த விலக்கை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? மாதிரியை இங்கேயே வைத்துக்கொண்டு மரபணு வரிசைத் தரவை மட்டும் பகிர்ந்தாலும் அனுமதி வேண்டுமா? அப்புறம், ஒப்பந்தத்தில் காப்புரிமை, கட்டுரையில் பெயர் வரிசை பற்றி எப்படி எழுதினீர்கள்? (பின்னால் சண்டை வருவது அதில்தான்.) பழைய ஒப்பந்த நகல் இருந்தால், பெயர்களை அழித்துவிட்டுப் பகிர முடியுமா?