எம்எம்பிஐ: பழைய பதிப்பா, புதிய பதிப்பா? என் அனுபவம்

அமெரிக்காவில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். எம்எம்பிஐ என்பது ஒருவரின் ஆளுமையையும் மனநலப் பிரச்சினைகளையும் அறிய உதவும் ‘சரி/தவறு’ கேள்வித்தாள். எம்எம்பிஐ-2 இருக்கும்போது புதிய எம்எம்பிஐ-3 எதற்கு என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓர் இளைஞர் வேறொரு கிளினிக்கின் ரிப்போர்ட்டோடு வந்தார். எம்எம்பிஐ-2-இல் ஒவ்வொரு வகைப் பிரச்சினைக்கும் எண்ணிட்ட ஓர் அளவை உண்டு; மதிப்பெண் 65-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். இவருக்கு 2 (மனச்சோர்வு), 7 (பதற்றம்), 8 ஆகிய மூன்று அளவைகளும் 65-ஐத் தாண்டியிருந்தன, எட்டுதான் உச்சம். எட்டாம் அளவையின் பழைய பெயர் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு. ரிப்போர்ட்டிலும் ‘மனச்சிதைவு இருக்கலாம்’ என்று ஒரு வரி. அந்த வரியால் வீடே ஆடிப்போயிருந்தது. ஆனால் என்னிடம் பேசியவரின் பேச்சில் குழப்பமே இல்லை. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், தன்மேல் நம்பிக்கை இழந்திருந்தார்.

அவர் சம்மதத்தோடு பழைய விடைகளை வரவழைத்தேன். எம்எம்பிஐ-2-ஐச் சுருக்கி மறுசீரமைத்த வடிவம் எம்எம்பிஐ-2-ஆர்எஃப். அதன் 338 கேள்விகளும் எம்எம்பிஐ-2-இன் 567 கேள்விகளுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் ஆளை மறுபடி உட்காரவைக்காமலே அதே விடைகளை மறுமதிப்பீடு செய்யலாம். செய்து பார்த்தால், எட்டாம் அளவையைத் திருத்தியமைத்த ஆர்சி8 சாதாரணம்! மனத்தளர்ச்சியைக் காட்டும் ஆர்சிடி மட்டும் எகிறியிருந்தது.

இந்த முரண்பாட்டின் வேர் 1943-இல் வெளியான முதல் பதிப்பில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஹாதவேயும் மெக்கின்லியும் நோயாளிகளின் விடைகளை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்த கேள்விகளை அளவையில் சேர்த்தார்கள். என்ன நோயானாலும் நோயாளி மனம் நொந்துதானே இருப்பார்? அந்த நோவு எல்லா அளவைகளிலும் கலந்துவிட்டது. 2003-இல் வந்த, திருத்தியமைத்த ஆர்சி அளவைகள்தான் அதைத் தனியே பிரித்தன.

அப்புறம் 2020-இல் வெளியான எம்எம்பிஐ-3-ஐக் கொடுத்தேன். 335 கேள்விகள், ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். அதிலும் இதே படம்தான். சோர்ந்துபோனவரை 567 கேள்விகளுக்கு உட்காரவைப்பது கொடுமை என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் எம்எம்பிஐ-2-ஐ மூட்டை கட்டவில்லை. தலைக்காயத்துக்கு முன்பே எம்எம்பிஐ-2 எழுதிய ஒருவரின் மாற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதையேதான் மறுபடி கொடுப்பேன்.

---

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் நீதிமன்ற வழக்குகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்கிறேன். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்டதே “ஏன் இந்தப் பதிப்பு?” என்றுதான். 2 என்றால், அளவுகோலுக்காக 1980-களில் சோதித்த மக்களோடு ஏன் ஒப்பிட்டீர்கள் என்பார்கள். 3 என்றால் ஆய்வுகள் போதுமா என்பார்கள். அதனால் தேர்ந்தெடுத்த காரணத்தை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.