காமக்கதை எழுதுறவங்களோட பழகின அனுபவம் யாருக்காவது இருக்கா? என்னோடத சொல்றேன்

பழைய டைப்பிஸ்ட்:

பலான கதை எழுதுறவர்னு சொன்னாலே நம்மாளுங்க மனசுல ஒரு உருவம் வந்து நிக்கும், கண்ணு ஒரு மாதிரி, பேச்சு ஒரு மாதிரின்னு. எனக்குத் தெரிஞ்சவர் அப்படி இல்ல. இத்தன வருஷமா அவரப் பத்தி யார்கிட்டயும் வாயத் தொறந்ததில்ல, இப்ப அவரும் இல்ல அவரு வீட்டம்மாவும் இல்ல, அதனால பேரு போடாம எழுதுறேன். உங்களுக்கும் இப்படி யாரையாவது தெரிஞ்சிருந்தா, இல்ல நீங்களே எழுதுறவங்களா இருந்தா கீழ சொல்லுங்க.

1996. திருவல்லிக்கேணில ஒரு சின்ன டிடிபி சென்டர், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். நான் அங்க டைப்பிஸ்ட், 21 வயசுப் பொண்ணு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பரீட்சை கைடு, மாச நாவல் எல்லாம் பேஜ்மேக்கர்ல அடிச்சுக் குடுப்போம். மாச நாவல்னா அப்ப எங்ககிட்ட வந்தது பெரும்பாலும் 6 ஃபாரம், ஃபாரத்துக்கு 16 பக்கம், ஆக 96 பக்கத்துல கதைய முடிச்சாகணும். ஒரு நாள் ஓனர் ஒரு கட்டு பேப்பரக் கையில வெச்சுக்கிட்டு, இத நீ அடிக்கிறியா இல்ல பையன்கிட்ட குடுக்கவான்னு தயங்கித் தயங்கிக் கேட்டார். பையன் நாலு பக்கத்துக்கு நாப்பது தப்பு விடுவான், நானே அடிக்கிறேன்னு வாங்கிட்டேன்.

ரெண்டு பக்கம் படிச்சதுமே என்ன கதைன்னு புரிஞ்சுபோச்சு. காது சூடாயிடுச்சு, உண்மையச் சொல்றேன். ஆனா கைய நிறுத்த முடியல. ஏன்னா அதுல வந்த வீடு எங்க வீடு மாதிரியே இருந்துச்சு. ஒரே ரூம், நடுவுல ஒரு புடவையக் கட்டித் தடுப்பு, அந்தப் பக்கம் மாமியார் இருமுற சத்தம், கால்மாட்டுல சின்னது தூங்குது. அந்தப் பொண்ணும் அவ புருஷனும் மொட்டமாடிக்குப் போறதுக்கே பத்து பக்கம் ஆகுது, மாடிப்படில எந்தப் படி சத்தம் போடும்னு அவளுக்குத் தெரியும், அஞ்சாவது படியத் தாண்டி கால் வெக்கிறா.

அந்தப் பொண்ணு கதை பூரா புருஷன வாங்க போங்கன்னுதான் பேசுவா. மாடில, இருட்டுல, ஒரு இடத்துல மட்டும் "வா"ன்னு சொல்றா. எழுத்துப் பிழைன்னு நெனச்சு நான் அத "வாங்க"ன்னு திருத்தி அடிச்சுட்டேன்.

ப்ரூஃப் பாக்க அவரே வந்தார். வெள்ளை வேட்டி, கதர் பை, ஒரு ஆபீஸ்ல கிளார்க். பையன்தான் அடிச்சிருப்பான்னு நெனச்சிருக்கார், நான்னு தெரிஞ்சதும் ஒரு நிமிஷம் பேசல. அப்பறம், "அம்மா, இந்தப் பக்கமெல்லாம் அடிக்க உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடும்மா, அந்தப் பக்கத்த நானே உக்காந்து அடிச்சுக்கறேன்"னார். இல்ல சார்னேன். அதுக்கப்பறம்தான் பென்சிலால அந்த "வாங்க"வக் காட்டி, இது நீ திருத்தினதான்னு கேட்டார். தப்புன்னு நெனச்சேன் சார்னேன்.

கோவமே படல. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தார். "கல்யாணமாகி ஆறு வருஷம் அவ வாங்க போங்கதான். அவன் அவளத் தொடுறது இந்தக் கதைல பெரிய விஷயமே இல்ல, எத்தனையோ தடவ தொட்டிருப்பான். அவ வாய்ல இருந்து அந்த 'ங்க' கழண்டு விழுதே, அங்கதான்மா கதை. அதுக்கு மேல நான் எழுதுற ஒன்றரப் பக்கத்த எடுத்துட்டாலும் கதை நிக்கும், அந்த ஒரு எழுத்த எடுத்தா நிக்காது." இத அவரு சொன்ன அப்படியேன்னு சத்தியம் பண்ண மாட்டேன், முப்பது வருஷம் ஆகப்போகுது, ஆனா 'கழண்டு விழுது'ன்னு சொன்னது மட்டும் அப்படியே காதுல இருக்கு.

கையெழுத்துப் பிரதிய மறுபடி எடுத்துப் பாத்தேன். அந்த இடத்துல முதல்ல அவரும் "வாங்க"ன்னுதான் எழுதியிருக்கார், அடிச்சு "வாயேன்"னு போட்டு, அதையும் அடிச்சு, ஓரத்துல "வா". தாள் அங்க மட்டும் அடிச்சு அடிச்சு எழுதினதுல மெலிஞ்சு போயிருந்துச்சு.

அப்பறம் மூணு வருஷம் அவரோட கதை எல்லாம் நான்தான் அடிச்சேன். காலைல நாலு மணிக்கு எழுந்து அடிபம்புல தண்ணி வர்ற வரைக்கும் எழுதுவாராம், பம்பு சத்தம் கேட்டா பேனாவ மூடிடுவாராம், கூட்டம் சேர்றதுக்குள்ள குடத்த வெக்கணுமே. ஆபீஸ் போற பஸ்ல எழுதவே மாட்டார், கேக்க மட்டும்தான் செய்வார். அந்த சீன் இருக்கே, அதக் கடைசியாத்தான் எழுதுவார். அதுக்கு முன்னாடி அன்னிக்கு அந்த வீட்ல என்ன சமையல், யாருக்குத் தலைவலி, புள்ளைங்க எங்க படுத்திருக்கு, இதெல்லாம் தனி நோட்ல எழுதிடணும். "புள்ள தூங்கிடுச்சான்னு தெரியாம எந்தப் பொண்ணும்மா மனசு விட்டுச் சிரிப்பா"ன்னு கேட்டார் ஒரு தடவ. வீட்டம்மாதான் முதல் வாசகர். அவங்க எதுவும் சொல்ல மாட்டாங்களாம், நம்பாத இடத்துல பென்சில்ல ஒரு புள்ளி வெப்பாங்களாம், அவ்வளவுதான். புள்ளி வெச்ச பத்திய அவரு திருப்பி எழுதுவாரு. அந்தப் புள்ளிங்கள நானும் பாத்திருக்கேன்.

வருத்தமும் இருந்துச்சு. ஒரு பதிப்பாளர் இவரக் கேக்காமலே அரைப் பக்கம் கெட்ட வார்த்தை சேத்து அச்சடிச்சுட்டார், அதுலயும் அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லச் சொல்ல அவன் விடாத மாதிரி. அவரு அந்தப் புத்தகத்துக்குக் காசு வாங்கல. நாலு நாள் சரியாச் சாப்பிடலன்னு வீட்டம்மா என்கிட்ட போன்ல சொன்னாங்க.

ஈரோட்டுக்காரி:

அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் எழுதுறவ. எட்டு வருஷமா. வீட்ல என்றவருக்கு மட்டும் தெரியும்.

நீங்க சொன்ன அந்த "வா" விஷயம் எங்க ஊர்ல நடக்காதுங்க. கொங்குப் பக்கம் "ங்க" அவ்ளோ லேசுல கழராது, நாங்க சண்டை போட்டாலே "போங்க, பேசாதீங்க"ன்னுதான் போடுவோம், பெத்த புள்ளயையே வாங்க கண்ணு சாப்பிடுங்கன்னு கூப்பிடுறவங்க. என் கதைல ஒரு பொண்ணு திடீர்னு "வா"ன்னு சொன்னா படிக்கிறவங்களுக்கு அது ஆசையா தெரியாது, மரியாதக் கெட்டவளாத்தான் தெரியும். ரொம்ப நாள் இதுல முட்டிக்கிட்டு இருந்தேன். கடைசில ஒரு வழி கெடச்சுது, என்னோட பொண்ணுங்க பேச்ச முடிக்க மாட்டாங்க. "ஏனுங்க, அந்த லைட்ட..." அவ்வளவுதான், அணைங்கன்னு வராது. மிச்சத்த அவன் செய்யணும். பேச்சு எங்க அறுந்து போகுதோ அங்கதான் எனக்குச் சூடு பிடிக்குது.

என் நாள் எப்படின்னு கேட்டா, காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு ரெண்டு டிபன் பாக்ஸ், மாமனாருக்கு சுகர் மாத்திரை, பத்து மணிக்கு மேல தறிப்பட்டறை கணக்கு எழுதப் போவேன். எழுத்து எல்லாம் ராத்திரி பத்தரைக்கு மேல, சமையக்கட்டு மேடைல சாஞ்சு நின்னுக்கிட்டு, போன்ல, ஒத்தக் கட்டை விரல்ல. வாய்ஸ் டைப்பிங் நல்லா இருக்கும்பாங்க, ஆனா நான் எழுதுறத வாய் விட்டு எங்கிருந்துங்க சொல்றது. ஒரு நாளைக்கு முந்நூறு வார்த்தை வந்தா பெருசு. அந்த சீன் எழுதுற அன்னிக்கு முப்பது வார்த்தைகூட வராது.

ஏன் வராதுன்னு சொல்றேன். தமிழ்ல உடம்புக்கு மூணு அலமாரில வார்த்தை இருக்குங்க. ஒண்ணு தெருவுல திட்டுறதுக்குன்னே இருக்கிறது, அத எழுதினா யாரோ அடிக்க வர்ற மாதிரி இருக்கு. இன்னொண்ணு டாக்டர் வார்த்தை, பிறப்புறுப்பு, மார்பகம்னு, பத்தாங்கிளாஸ் பயாலஜி புக்க விரிச்ச மாதிரி இருக்கும். மூணாவது பாட்டுல வர்றது, கொங்கை, அல்குல்னு. அழகுதான், ஆனா அல்குல்னா இடுப்பா தொடையா வேற இடமான்னு உரை எழுதுறவங்களே ஒத்துப்போறதில்ல, ஈரோட்டுல தறிப்பட்டறை கணக்கு எழுதுறவளுக்கு அந்த வார்த்தை எப்படிங்க வாய்ல வரும்? ராத்திரி புருஷன் பொண்டாட்டி காதோட சொல்லிக்கிற வார்த்தைன்னு ஒண்ணு ஒவ்வொரு வீட்லயும் இருக்கும், அது எந்த அகராதிலயும் இல்ல. நான் எட்டு வருஷமா தேடுறது அத மட்டும்தான். கெடைக்காதப்ப பேரே சொல்லாம சுத்திப் போவேன், கழுத்துல தாலிச்சரடு அழுத்தின தடம், காஞ்சுபோன மல்லிப்பூ நாருல மிச்சமிருக்கிற வாசம், பாவு நூல் கஞ்சி வாசம் ஏறின அவன் கை. போன வாரம் "தொட்டான்" போடுறதா "தடவினான்" போடுறதான்னு ரெண்டு ராத்திரி போச்சு, ரெண்டும் இல்ல, கடைசில "கைய வெச்சுட்டு எடுக்காம இருந்தான்"னு எழுதினப்பத்தான் எனக்கே மூச்சு வந்துச்சு.

கின்டில்ல போடுறேன். அதோட அன்லிமிடெட்ல, அதான் மாசச் சந்தா கட்டிப் படிக்கிற திட்டம், அதுல எத்தன பக்கம் படிச்சாங்களோ அந்தக் கணக்குக்குத்தான் காசு, மாசம் முடிஞ்சு ஏறக்குறைய 60 நாள் கழிச்சு வரும். இதுல ஒரு ஆபத்து இருக்கு, பக்கத்துக்குக் காசுன்னா இழுத்து எழுதச் சொல்லி கை தானா போகும். நான் ஒரு தடவ அப்படி இழுத்தேன், ஒரு அம்மா மெசேஜ் போட்டாங்க, இது நீ எழுதின மாதிரி இல்லியே கண்ணுன்னு. அந்த 40 பக்கத்த எடுத்துட்டேன்.

ஆம்பளைங்க சில பேர் அனுப்புற மெசேஜ் பத்தி எழுதக்கூட மனசு இல்ல. கதைல வர்றவ நான்தான்னு நெனச்சுக்கிறாங்க. ஆனா போன ஆடி மாசம் ஒரு பொண்ணு அனுப்பினது, "அக்கா, எனக்கு எது புடிக்கும்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லத் தெரியல, உங்க ஏழாவது அத்தியாயத்தப் படிங்கன்னு போனக் குடுத்துட்டு சமையக்கட்டுக்குள்ள போயி நின்னுட்டேன்"னு. அதுக்காக இன்னும் எட்டு வருஷம் எழுதலாமுங்க.

பயம் இல்லாம இல்ல. ஐடி சட்டத்துல 67ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, அப்பட்டமான பாலியல் விஷயத்த நெட்ல போட்டா முதல் தடவைக்கே 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 10 லட்சம் வரைக்கும் அபராதம். இலக்கியம், கலைக்காகன்னு நிரூபிச்சா விலக்கு இருக்கு, ஆனா என் எழுத்து இலக்கியம்னு சொல்ல எனக்காக யாரு வந்து நிப்பாங்கங்கிற நெனப்புல தூக்கம் வராத ராத்திரியும் உண்டு.

தஞ்சாவூர் வாசகன்:

தங்கச்சி, அந்தக் கடைசி வரிக்காகவே எழுதுறேன். எங்க ஊர்ல ரிட்டையர்டு டீச்சர் ஒருத்தங்க, எனக்கு அக்கா மாதிரி, நாப்பது பக்க நோட்டுல எழுதுவாங்க, எழுதி முடிச்சதும் வெந்நீர் அடுப்புல போட்டுடுவாங்க. ஒரே ஒரு நோட்டு மட்டும் அரிசி டிரம்முக்குள்ள தப்பிச்சுது, அதத்தான் எனக்குக் காட்டினாங்க. பொம்பள எழுதுற விஷயமா தம்பி இதுன்னு கேட்டாங்க.

நான் அவங்களுக்கு முத்துப்பழனி கதையச் சொன்னேன். இதே தஞ்சாவூர், 18ஆம் நூற்றாண்டு, மராட்டிய ராஜா பிரதாபசிம்மர் சபை. தேவதாசி மரபுல வந்த அந்தம்மா தெலுங்குல 'ராதிகா சாந்த்வனமு'ன்னு ஒரு காவியம் எழுதினாங்க, கோவிச்சுக்கிட்ட ராதைய கிருஷ்ணன் சமாதானப்படுத்துற கதை, அதுல ஆசைப்படுறதும் அத வாயாரச் சொல்றதும் ராதைதான். பின்னாடி பதிப்பிச்சவங்க கொச்சைன்னு பாட்டுங்கள வெட்டிட்டாங்க. கர்நாடக சங்கீதப் பாடகி பெங்களூர் நாகரத்னம்மா தேடிப் பிடிச்சு மெட்ராஸ்ல 1910ல முழுசாப் பதிப்பிச்சாங்க. அந்தம்மாவும் தேவதாசிதான். 1911ல பிரிட்டிஷ் அரசாங்கம் தடை போட்டுச்சு. தடை நீங்கினது 1947ல, டங்குடூரி பிரகாசம் மெட்ராஸ் மாகாணத்துக்கு முதலமைச்சரா இருந்தப்ப.

டீச்சர் அதுக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் என்னைய திருவையாறுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினதும் அதே நாகரத்னம்மாதான், அவங்களுக்கும் அங்கயே சிலை இருக்கு, கைகூப்பி உக்காந்த மாதிரி. டீச்சர் அது முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. பஸ்ல திரும்பி வரும்போது, "புது நோட்டு ஒண்ணு வாங்கணும், எம்பது பக்கமா இருக்கட்டும்"னாங்க.

பழைய டைப்பிஸ்ட்:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஈரோட்டுத் தங்கச்சி, மெதுவா எழுதுறதுக்கு மனசக் குழப்பிக்காத. சார் சொல்லுவார், காமத்துப்பால்ல 25 அதிகாரம், 250 குறள், அதுல புணர்ச்சி மகிழ்தல்னு பேரு வெச்சது ஒரே அதிகாரம், 10 குறள், மிச்சத்துல பெரும்பகுதி காத்திருக்கிறதும் தூது விடுறதும் கோவிச்சுக்கிறதும்தான், முடிக்கிறதே ஊடலுவகைலதான்னு. உன்னோட முப்பது வார்த்தை நாள் அந்தப் பத்து குறள் மாதிரின்னு நெனச்சுக்கோ.

உள்பெட்டில ஒருத்தங்க கேட்டாங்க, அந்த "வா" புத்தகத்துல சரியா வந்துச்சான்னு. வந்துச்சு. ஃபிலிம் எடுக்கப் போறதுக்கு முன்னாடி நானே போயி பாத்தேன். அந்தக் கையெழுத்துத் தாள ஓனர் கழிவுக்காகிதத்தோட எடைக்குப் போடப் பாத்தார், நான் கேட்டு வாங்கிட்டேன். இப்பவும் பீரோல இருக்கு. ஓரத்துல பென்சில்ல அந்தம்மா எதுவும் வெக்கல, அந்தப் பக்கத்துல மட்டும் ஒரு புள்ளிகூட இல்ல.