புதுப்பிப்பு: ஆறங்குல ஆடியின் தோடம்பழத் தோல்

போன மாதம் கேட்டிருந்தேன்: தொலைநோக்கி ஆடியை ஃபூக்கோ சோதனை (ஆடியில் பட்டுக் குவியும் ஒளியை பிளேட் முனையால் மறைத்து, மேடுபள்ளங்களை நிழலாகப் பார்ப்பது) செய்தால் முழுக்கத் தோடம்பழத் தோல் மாதிரித் தெரிகிறது, முதலிலிருந்து அரைக்க வேண்டுமா என்று. அரைக்கவில்லை.

பாதிக் குற்றம் கல்லடி ஊர் வெக்கையுடையது. குவியத் தூரம் 4 அடி என்பதால், இந்தச் சோதனைக்கு அதன் இருமடங்கு, 8 அடி தள்ளியிருந்து பார்க்க வேண்டும். வழியெல்லாம் சுடுகாற்று, போதாததற்கு பேன். இரவு முழுக்க ஆடியை ஸ்டாண்டில் விட்டு, விடியப்புறம் 3 மணிக்கு பேனை நிறுத்திப் பார்த்தேன். அசைந்த நிழல்கள் போய்விட்டன. அசையாமல் நின்றதுதான் உண்மையான கரடு. சும்மா விரலைப் பத்து விநாடி கண்ணாடியில் வைத்து எடுத்தேன். அந்த இடம் பரு மாதிரிப் புடைத்து, மெல்ல மெல்ல அடங்கியது!

மிச்சக் கரடு என் அவசரம். சீரியம் ஒக்சைட் என்ற மினுக்கும் தூளைப் போட்டு வேகவேகமாகத் தேய்த்திருக்கிறேன். மினுக்கத் தேய்க்கும் பிட்ச் (கீல்) வட்டை ஆடிமேல் அரை மணி நேரம் அழுத்தி வைத்துவிட்டு, ஆறுதலாக இரண்டு பின்னேரம் தேய்த்தேன். தோல் போய்விட்டது.

ஆனால் லேசரை விளிம்பில் அடித்தால் சிவப்புப் புள்ளி இன்னும் மினுங்குகிறது, நடுவில் அநேகமாக இல்லை. ஒளியைச் சிதறடித்து மினுங்கவைப்பவை அரைத்த காலத்து நுண்குழிகள்; ஃபூக்கோவில் இவை கண்ணில் படவே இல்லை. ஆடிக்குப் பரவளைவு வடிவம் கொடுக்கமுதல் விளிம்பை இன்னும் மினுக்க வேண்டும்.