இங்கிலீஷ்ல ‘கெட்’ (get) வந்தா மட்டும் அர்த்தம் பிடிபடல, உதவுங்க

மேலமாசி_வீதி:
மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் லாட்ஜ் ரிசப்ஷன்ல இருக்கேன். வெளிநாட்டுக்காரங்க பேசுறது முக்காவாசி புரியுது, ‘கெட்’ வந்தா மட்டும் முழிக்க வேண்டியிருக்கு. அகராதியில ‘பெறு’ன்னு போட்டிருக்கு, இந்த மூணுக்கும் அது ஒட்டல.
ஹௌ டூ ஐ கெட் டு த பேலஸ்?
ஹேவ் யூ காட் எ ரூம் ஃபார் டுநைட்?
ஐ வில் கெட் திஸ். (ரெண்டு பேர் சாப்பிட்டு முடிச்சதும் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொன்னது)

வைகை_வடகரை:
தம்பி, ‘கெட்’டை விட்டுட்டு அதுக்கு அடுத்த வார்த்தையைப் பாருங்க. பின்னாடி ‘டு’வும் இடமும் வந்தா ‘போய்ச் சேரு’. திருமலை நாயக்கர் மஹாலுக்கு எப்படிப் போறதுன்னு கேக்குறார். பதிலும் அதே மாதிரி சொல்லலாம்: டு கெட் டு கொடைக்கானல், டேக் எ பஸ் ஃப்ரம் ஆரப்பாளையம். ஹோம், ஹியர், தேர் மூணுக்கும் ‘டு’ கிடையாது. ‘கெட் டு ஹோம்’ தப்பு, ‘கெட் ஹோம்’தான்.

ரெண்டாவதுல ‘கெட்’டோட இறந்தகாலமான ‘காட்’டைப் பாத்து நடந்து முடிஞ்சதுன்னு நினைச்சுறாதீங்க. ‘ஹேவ் யூ காட்’னா ‘இருக்கா’ன்னு இப்ப கேக்குறது. பிரிட்டிஷ்காரங்க வாயில அதிகம் வரும். அமெரிக்கர் ‘டூ யூ ஹேவ்’னு கேப்பார், அர்த்தம் ஒண்ணுதான்.

மூணாவது, ‘காசு நான் கொடுத்துர்றேன்’. பில்லை அவர்கிட்ட வைங்க. ஆனா உங்களைப் பாத்து ‘கேன் வி கெட் த பில்?’னா பில்லைக் கொண்டு வாங்கன்னு அர்த்தம்.

பாத்திமா_டீச்சர்:
கேக்குறதுக்கு மேலே சொன்னது போதும். பேசுறப்பதான் நம்மாளுங்க அதிகம் சறுக்குறாங்க. தமிழ்ல ‘எனக்கு’ன்னு ஆரம்பிச்சு ‘வந்துச்சு, கிடைச்சுச்சு, புரிஞ்சுச்சு’ன்னு முடிக்கிற வாக்கியத்தை எடுத்துக்கோங்க. பெரும்பாலும் அங்கதான் ‘ஐ காட்’ உட்காரும். எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு: ஐ காட் எ ஃபீவர். எனக்குக் கோபம் வந்துச்சு: ஐ காட் ஆங்ரி. எனக்குப் புரிஞ்சுருச்சு: ஐ காட் இட். இதையே ‘ஃபீவர் கேம் டு மி’ன்னு சொன்னா கேக்குறவர் முழிப்பார்.

ஒரு எச்சரிக்கை. நிலைமை மாறினாத்தான் ‘கெட்’, மாறாம இருந்தா ‘பி’ (ஆம், இஸ், ஆர்). ‘ஐ ஆம் ஹங்ரி’ன்னா பசிக்குது. ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’ன்னா பசிக்க ஆரம்பிச்சுருச்சு. ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேணும்’ இது ரெண்டுக்கும் ‘கெட்’ வராது. லைக், வான்ட் போதும்.

மேலமாசி_வீதி:
நன்றி டீச்சர், நன்றிண்ணே. பெரியார் பஸ் ஸ்டாண்டுல இறங்கணும்னா ‘கெட் டவுன் அட் பெரியார்’னு பஸ்ல போறவங்களுக்கு வழி சொல்றேன், சரியா?

வைகை_வடகரை:
நம்மூர்ல ஓடும், அவங்களுக்குச் சிரமம். ‘கெட் டவுன்’ காதுல விழுந்தா குனி, கீழே படுன்னுதான் அவங்களுக்குத் தோணும். பஸ்சுக்கும் ரயிலுக்கும் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. ஆட்டோ, காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நின்னு நடக்க இடம் இருக்கிற வண்டியா, குனிஞ்சு உள்ள போற வண்டியான்னு பாத்தா குழம்பாது. விருந்தாளிகிட்ட வெறும் ‘கெட் அவுட்’னு சொல்லிறாதீங்க, விரட்டுற மாதிரி ஆயிரும். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’னு முழுசா சொல்லணும்.

ரயிலைப் பத்திக் கேக்கும்போது ‘வென் டஸ் இட் கெட் இன்?’னு வந்தா ஏறுறதைச் சொல்லல, வண்டி எப்ப வந்து சேரும்னு கேக்குறாங்க.

பாத்திமா_டீச்சர்:
இன்னொண்ணு உங்க வேலைக்கு அடிக்கடி தேவைப்படும். துணிமூட்டையோட வந்து ‘கேன் ஐ கெட் திஸ் வாஷ்ட்?’னு கேட்டா, தானே துவைக்க இடம் கேக்கல, துவைச்சுத் தர ஆள் இருக்கான்னு கேக்குறார். கெட், பொருள், அதுக்கப்புறம் வாஷ்ட், ரிப்பேர்ட், கட் மாதிரி வினை: இந்த வரிசையில வந்தா வேலையைச் செய்யறது பெரும்பாலும் வேற ஆள். சலூனுக்குப் போயிட்டு வந்து ‘ஐ கட் மை ஹேர்’னா நீங்களே கத்திரிக்கோலைப் பிடிச்சதா ஆயிரும். ‘ஐ காட் மை ஹேர் கட்’னு சொல்லுங்க.

அமெரிக்கர் ‘காட்டன்’னு சொன்னா பருத்தித் துணின்னு எடுத்துக்காதீங்க, அது ‘காட்’டோட அமெரிக்க வடிவம் (gotten). ‘ஹேவ் காட்டன் டயர்ட்’னா களைச்சுப் போயிட்டாங்க, சாவியை முதல்ல குடுத்துருங்க.