பழைய கேசட், புதுப் பெட்டி: பாட்டில் பாதியைக் காணோம்

பரண்வாசி எழுதியது:

பாளையங்கோட்டை வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே என் பழைய வீடியோ கேம் கேசட்டுகள், மொத்தம் 11. பத்து மஞ்சள் கேசட். மேலே '64 இன் 1' என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் நாலு கேம்தான் திரும்பத் திரும்ப வரும். பதினோராவது மட்டும் அசல். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மாமா 1993ல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஒட்டியிருப்பது முழுக்க ஜப்பானிய எழுத்து. சாட்டையை வைத்துக்கொண்டு ஒருவன் பேய்க்கோட்டைக்குள் போவான். பெயர் வாசிக்கத் தெரியாததால் எங்கள் தெருவில் அதற்கு 'சாட்டைக்காரன்' என்றே பெயர்.

பெட்டியை அம்மா எப்போதோ பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிட்டாள். அதனால் எச்டிஎம்ஐ உள்ள புது கிளோன் (நகல்) பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கேசட் உள்ளே போகவே இல்லை. என்னுடையது 60 பின், பெட்டியில் இருப்பது 72 பின்னாம். மறுபடி காசு செலவழித்து, இடையில் செருகும் கன்வெர்ட்டர் வாங்கினேன். படம் பளிச்சென்று வந்துவிட்டது.

ஆனால் சாட்டைக்காரனின் பாட்டு சரியில்லை. முதல் கட்டத்தில் பின்னால் வயலின் இழுத்த மாதிரி ஒரு குரல் வரும். அதைக் காணோம். மற்றதெல்லாம் வாசிக்கிறது, அந்த ஒருவர் மட்டும் கச்சேரிக்கு வராத மாதிரி. இன்னொன்று, மாரியோ ரொம்ப வேகமாக ஓடுகிறான். கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழியில் இப்போது விழுந்துகொண்டே இருக்கிறேன். எட்டு வயது மகள் சிரிக்கிறாள். அவளுக்காக, வாத்து சுடும் கேமுக்குப் புதுத் துப்பாக்கி ஒன்றும் வாங்கினேன். எல்இடி டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. திரையில் நாயும் சிரிக்கிறது.

பழுது பெட்டியிலா, கேசட்டிலா, என்னிடமா?

ரீலோடு முத்து எழுதியது:

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. போனில் எமுலேட்டர் (பழைய பெட்டி மாதிரியே நடிக்கும் மென்பொருள்) போட்டால் ரெண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை. வயலினும் வரும். கேசட்டை ஷோகேசில் வையுங்கள்.

பரண்வாசி எழுதியது:

தம்பி, சரிதான். ஆனால் மாமா கொடுத்த கேசட்டிலிருந்துதான் பாட்டு வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம். மாமா இப்போது இல்லை.

சால்டரிங் அண்ணாச்சி எழுதியது:

பழுது உங்களிடம் இல்லை தம்பி. 90களில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். இந்தப் பெட்டிகள் கோடை லீவில் வாரத்துக்கு நாலாவது வரும்.

உங்கள் சாட்டைக்காரன் 'அகுமாஜோ டென்செட்சு'. கொனாமி கம்பெனி 1989 டிசம்பரில் ஜப்பானில் விட்டது. அமெரிக்காவில் அதே கேம்தான் கேஸில்வேனியா 3. நம் ஊர்ப் பெட்டிகளெல்லாம் ஜப்பானின் நின்டெண்டோ விற்ற ஃபேமிகாமின் நகல்தான். அந்த ஃபேமிகாம் பெட்டியின் ஒலிக்கு ஐந்து குரல்தான் உண்டு: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. கொனாமிக்கு அது போதவில்லை. விஆர்சி6 என்ற சிப்பைக் கேசட்டுக்குள்ளேயே வைத்து மேலும் மூன்று குரல் சேர்த்தார்கள். அதில் ஒன்று ரம்பப் பல் மாதிரி ஏறி விழுகிற அலை. உங்கள் வயலின் அதுதான்.

கேசட்டில் பிறக்கிற குரல் டிவிக்கு எப்படிப் போகும்? பெட்டி தன் ஒலியை 45ஆம் பின் வழியாகக் கேசட்டுக்கு அனுப்பும். கேசட் தன்னுடையதையும் கலந்து 46 வழியாகத் திருப்பித் தரும். சாதாரண கேசட்டில் இந்த இரண்டையும் நேராக இணைத்திருப்பார்கள். வந்தது அப்படியே திரும்பிப் போகும்.

1985ல் அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்று பெயர் மாற்றி விற்றபோது இந்த இரண்டு பின்னையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் 58. கள்ளக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப்புக்காக 4, பின்னால் எதற்காவது ஆகும் என்று பெட்டியின் அடியில் வைத்த இணைப்புக்காக 10. ஆக 72. கொனாமியும் அமெரிக்கக் கேசட்டில் விஆர்சி6 வைக்காமல், பாட்டையே ஐந்து குரலுக்குச் சுருக்கிப் போட்டது. உங்கள் கன்வெர்ட்டர் 60ஐ 72 ஆக்கும்போது அந்த ஒலிக்கம்பி அந்தரத்தில் நிற்கிறது. அடி இணைப்புக்கான அந்தப் பத்துப் பின்னில் ஒன்றில் ஒலியைத் திருப்பிவிடும் கன்வெர்ட்டரும் உண்டு. ஆனால் மறுமுனையில் பெட்டி அதை வாங்கிக்கொள்ள வேண்டுமே. மலிவான கிளோனில் வாங்காது.

மாரியோ விஷயம் இன்னும் சுவாரசியம். நம் ஊர் டிவி பால் (PAL) முறை, நொடிக்கு 50 தடவை படம். நான் திறந்து பார்த்த பெட்டிகள் பெரும்பாலும் அதற்கேற்ற சிப்தான். கேம் எழுதப்பட்டதோ ஜப்பானின் 60க்கு. அதனால் நாம் விளையாடிய மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியவன். புதுப் பெட்டி 60ல் ஓட்டுகிறது. இதுதான் அவனுடைய உண்மையான வேகம். நாம்தான் முப்பது வருஷம் தூங்குமூஞ்சி மாரியோவைப் பழகியிருக்கிறோம்.

துப்பாக்கியை மறந்துவிடுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். அது தெரிகிறதா என்றுதான் துப்பாக்கி பார்க்கிறது. அதுவும் பிக்சர் டியூப் கோடு கோடாக வரைகிற துடிப்பை மட்டுமே நம்பும். எல்இடியில் அந்தத் துடிப்பே இல்லை.

என் யோசனை: கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய 60 பின் பெட்டி தேடுங்கள். அடாப்டரில் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று பார்க்காமல் செருகாதீர்கள். கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரத்தில் பின் கறுத்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு தோய்த்துத் துடைத்தால் போதும்.

டொராண்டோ மல்லி எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. எல்லாப் புதுப் பெட்டியும் இப்படி இல்லை. என்னிடம் ஏவிஎஸ் என்ற பெட்டி இருக்கிறது, 2016ல் வந்தது. அதில் 72க்கு ஒன்று, 60க்கு ஒன்று என்று இரண்டு ஸ்லாட். எமுலேட்டர் இல்லை, எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்பில் பழைய சுற்றையே அமைத்திருக்கிறார்கள். கேசட்டின் குரலும் சேர்ந்து வருகிறது. அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவே மெனுவில் இடம் உண்டு. விலைதான் வலிக்கும். ஊருக்கு வரவழைத்தால் சுங்கம் வேறு.

பரண்வாசி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் நண்பர் ஒருவர் தேடி, பட்டன் உடைந்த பழைய பெட்டி ஒன்றை அனுப்பினார். 60 பின், மஞ்சள்-வெள்ளை ஏவி ஒயர். அண்ணாச்சி சொன்னபடி பார்த்தால் அடாப்டர் தலைகீழ்தான்! நல்லவேளை கேட்டேன். வேறு மாட்டி, கேசட்டைத் துடைத்துப் போட்டேன்.

வயலின் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "அந்தச் சாட்டைக்காரனா?" என்று கேட்டாள்.

படம் எல்இடியில் கலங்கலாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் நிறம் ஒழுகுகிறது. மாரியோ பழையபடி மெதுவாக ஓடுகிறான், குழியைத் தாண்டிவிட்டேன். மகளுக்கு அது பிடிக்கவில்லை. "ஏன்ப்பா இவன் தூங்குறான்?" என்று கேட்டுவிட்டு, புதுப் பெட்டியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

துப்பாக்கி பாக்கி இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் யாரிடமாவது ஓடுகிற டியூப் டிவி இருக்கிறதா? 14 இன்ச் போதும். வண்டி எடுத்துக்கொண்டு நானே வந்து தூக்கிக்கொள்கிறேன்.