சங்கன் டாய்லெட், மொட்டை மாடி: எந்தக் கெமிக்கல், எவ்வளவு வாங்குவது?

கேள்வி – சைட்பார்வை

திருச்சியில் வீட்டு வேலை. 8x5 அடியில் டாய்லெட் மூன்று, சங்கன் (குழாய்கள் போக டாய்லெட் தரையைத் தாழ்த்தி விடும் பள்ளம்) ஆழம் 1 அடி. மொட்டை மாடி 1000 சதுர அடி. சராசரி 2 இன்ச் கனத்தில் 1:4 (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல்) சரிவுக் கலவை, அதாவது மழைநீர் வடிய மேலே போடும் கலவை, போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வாட்டர்ப்ரூஃப் லிக்விட் போதும், 20 லிட்டர் கேன் இரண்டு எடுங்கள் என்கிறது கடை. அதையே சிமென்ட் பாலில் கலந்து சங்கனில் அடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். சரிதானா?

பதில் – கலவைக்கணக்கு

இரண்டுமே தவறு சார். கடை சொல்வது கலவைக்குள் ஊற்றுகிற லிக்விட். ஐ.எஸ். 2645 (இந்தியத் தர நிர்ணயம்) முத்திரையோடு வருவது அதுதான். பெரும்பாலான பிராண்டுகளில் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி. உங்கள் கேனில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது கலவையில் உள்ள நுண்துளைகளைக் குறைக்கும், அவ்வளவுதான். மேலே பூசினால் படலமாக நிற்காது.

உங்கள் சரிவுக் கலவை சுமார் 167 கன அடி, 35 மூட்டை சிமென்ட் பிடிக்கும். 35 x 200 மில்லி = 7 லிட்டர். 40 லிட்டர் எதற்கு? மிச்சம் இருக்கிறதே என்று கூடுதலாக ஊற்றினால் கலவைக்குள் காற்றுக் குமிழ் ஏறும், இறுக நேரமாகும், பலமும் குறையும். 5 லிட்டர் கேன் ஒன்று, 1 லிட்டர் இரண்டு போதும். கலவைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ஈரச்சுவர்

சங்கனுக்கு வேண்டியது திரவமும் பவுடரும் சேர்ந்து வரும் பாலிமர் கோட்டிங். ஒரு டாய்லெட்டுக்குத் தரை 40, சங்கன் பக்கங்கள் 26, முடிந்த தரைக்கு மேலே 1 அடி ஏற்ற இன்னொரு 26: மொத்தம் 92 சதுர அடி. மூன்றுக்கும் 276, அதாவது சுமார் 26 சதுர மீட்டர். இரண்டு கோட்டில் 1 மி.மீ. கனம் வர சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. 52 கிலோ ஆகிறது. 15 கிலோ செட் நான்கு எடுங்கள். குளிக்கும் பக்கச் சுவரில் 6 அடி ஏற்றினால் அதைத் தனியாகக் கூட்டுங்கள்.

மாடியில் கான்கிரீட் மேலேயே இதை அடித்துவிட்டுச் சரிவுக் கலவை போடுவதுதான் நல்லது: 93 சதுர மீட்டர், 186 கிலோ, 13 செட். பணம் இடித்தால் சங்கனைக் குறைக்காதீர்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் சேருமிடம், மழைநீர்க் குழாய் வாய் இவற்றையாவது முழுதாக முடியுங்கள்.

சைட்பார்வை

கிலோவுக்கு 20 சதுர அடி வரும் என்கிறாரே கடைக்காரர்?

ஈரச்சுவர்

வரும், கால் மி.மீ. சொச்சம் கனத்தில் ஒரே கோட்டாக! மூலையில் முதலில் விரிசல் விடுவது அந்தக் கோட்டிங்தான். லிட்டர் விலையை வைத்து ஒப்பிடாமல், 1 மி.மீ. கனத்துக்குச் சதுர அடி என்ன விழுகிறது என்று கேளுங்கள்.

அடிக்கும் முறை: தரையை நனையுங்கள், தேங்கிய தண்ணீரைத் துடைத்தெடுங்கள். மூலைகளைக் கலவையால் வட்டமாக உருட்டி, குழாய்த் துளைகளைச் சுருங்காத கிரவுட்டால் (இடைவெளி அடைக்கும் சிமென்ட் கலவை) அடையுங்கள். முதல் கோட் நெடுக்கே, காய்ந்தபின் இரண்டாவது குறுக்கே. இரண்டாவது ஈரமாக இருக்கும்போதே மணல் தூவினால் மேலே வரும் கலவை பிடித்துக்கொள்ளும். பாதிச் செட் கலக்கும்போது திரவம், பவுடர் இரண்டையும் தராசில் எடை போடுங்கள். தண்ணீர் மக்கால் (mug) அளப்பது உதவாது, பவுடர் அடர்த்தியே வேறு. வெயிலில் கலந்தது அரை மணியில் இறுக ஆரம்பிக்கும். தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது.

பில்லும்பேட்சும்

வாங்கும்போது தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், சீல் மூன்றையும் பார்த்து, பேட்ச் எண்ணைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். பவுடர் மூட்டையை அழுத்தினால் கட்டி தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய கான்கிரீட்டோடு ஒட்ட எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) கேட்டால் சில இடங்களில் பி.வி.ஏ. பசையை (மரவேலையில் பயன்படும் வெள்ளைப் பசை வகை) கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் பால் போலத்தான் இருக்கும். கண்ணாடித் துண்டில் சில சொட்டுத் தடவி ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பி.வி.ஏ. வெளுத்துக் கொழகொழவென்று ஆகிவிடும். எஸ்.பி.ஆர். ரப்பர் போல இழுபடும். ஈரம் நிற்கும் சங்கனில் பி.வி.ஏ. போனால் ஒட்டு விட்டுவிடும். எஸ்.பி.ஆர். சிமென்ட் பாலும் பிசுபிசுப்பு போவதற்குள் மேல்கலவை விழ வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும்.

கோட்டிங் 7 நாள் ஆறியபின் குழாய் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, கீழ்ச் சீலிங்கையும் பாருங்கள். அதற்கு முன் சங்கன் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லிங் போட விடாதீர்கள்.