சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலியின் பிரம்பு இருக்கை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜோ பொந்தி வடிவமைத்த 699 சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலி ஒன்றுக்கு இருக்கையை மறுபடி பின்ன வேண்டும். முன்விளிம்பில் பிரம்பு அறுந்திருக்கிறது. பின்கால் இணைப்பு ஒன்றும் ஆடுகிறது.

தெரியாதவர்களுக்கு: இத்தாலியின் கியாவரி ஊர் நாற்காலியை முன்மாதிரியாக வைத்து பொந்தி உருவாக்கியது. 1957 முதல் கஸ்ஸீனா நிறுவனம் தயாரிக்கிறது. ஆஷ் மரம், மொத்த எடை 1.7 கிலோ. கால்கள் முக்கோண வெட்டு, தடிமன் 18 மி.மீ. தான். இத்தனை வருஷம் கழித்தும் இதற்கு மவுசு குறையாததற்குக் காரணம் அழகு மட்டுமில்லை, தேவைக்கு மேல் ஒரு இழை மரம்கூட இதில் இல்லை. பழுது பார்க்கும்போது அதுவே தலைவலி.

இணைப்பை ஒட்டிய பிறகுதான் பின்னல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முக்கோணக் காலில் சாதாரண கிளாம்ப் வழுக்குகிறது, இறுக்கினால் முனை நசுங்கும். V வெட்டு போட்ட மரத்துண்டு வைத்து, நாடா கிளாம்ப் சுற்றலாம் என்று யோசனை. வேறு வழி உண்டா?

அடுத்தது பிரம்பு. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறினால் போதும். ஈரத்தில் விறைப்பாக இழுத்துப் பின்னினால், காயும்போது சுருங்கி, இவ்வளவு மெல்லிய சட்டத்தை உள்ளே இழுத்து இணைப்பைத் திறந்துவிடும். எவ்வளவு தளர்வு விடுகிறீர்கள்? 2 மி.மீ. பட்டை சரியா? பழைய பின்னலைப் பிரிக்கும் முன் எந்தக் கோணங்களில் படம் எடுப்பது?

இந்த மாடலிலேயே கைவைத்தவர்கள் சொன்னால் நல்லது. பொதுவான பிரம்பு நாற்காலி வீடியோக்கள் வேண்டாம். அவை பெரும்பாலும் துளை போட்ட சட்டத்துக்கானவை.